செருப்புப் போட்டவர்களின் நியாயம்

“நாய்க்குக் கடவுளே செருப்பு தச்சுக் குடுத்திருக்கார் சார்.” கடந்த மூன்று கோடைகளில் இந்த வாசகத்தை எத்தனை பேரிடம் கேட்டேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். பகல் பன்னிரண்டு மணிக்கு லாப்ரடாரை இழுத்துக்கொண்டு போன பையனை நிறுத்திக் கேட்டபோது, அவனுக்குச் சம்பளம் கொடுக்கும் வீட்டுக்காரர் பால்கனியிலிருந்து சொன்னார். சொன்னவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒன்று உண்டு. சொல்லும்போது அவர்கள் காலில் செருப்பு இருந்தது.

இந்த வாசகத்தோடு எனக்குச் சண்டை இருக்கிறது. இதற்கு நேர் எதிராகத் தோன்றும் இன்னொரு கட்சியோடும் அதே அளவு சண்டை இருக்கிறது. அந்தக் கட்சிக்காரர்கள் நாயை நேசிப்பவர்கள். இணையத்தில் தேடி, தேன்மெழுகும் ஷியா வெண்ணெயும் கலந்த ‘பாவ் பாம்’ டப்பாவைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கியிருப்பார்கள். நாலு காலுக்கும் ரப்பர் ஷூ வாங்கியிருப்பார்கள். நாய் அதைப் போட்டுக்கொண்டு கோமாளி மாதிரி நடப்பதை வீடியோ எடுத்திருப்பார்கள். முதல் கட்சி ‘ஒன்றும் தேவையில்லை’ என்கிறது. இரண்டாவது கட்சி ‘வாங்கியாயிற்று’ என்கிறது. எந்த நேரத்தில், எந்தத் தரையில் நாயை நடத்துகிறோம் என்ற கேள்வியை மட்டும் இரண்டு கட்சியும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் நம் கால அட்டவணையை மாற்ற வேண்டியிருக்கும் அல்லவா?

முதலில் அந்தக் கடவுள் தைத்த செருப்பைப் பார்ப்போம். நாயின் முன்காலில் விரலுக்கு ஒன்றாக நான்கு சிறிய திண்டுகள், அவற்றுக்குப் பின்னால் ஒரு பெரிய திண்டு, இன்னும் மேலே மணிக்கட்டுக்குப் பின்புறம் ஒரு குட்டித் திண்டு. பின்காலில் அந்தக் கடைசித் திண்டு இருக்காது. மேல்தோல் நாயின் உடம்பிலேயே தடிமனானது. நம் நகத்திலும் முடியிலும் இருக்கும் கெரட்டின்தான் அதிலும். தொட்டுப் பார்த்தால் சொரசொரவென்று இருப்பது நுண்ணிய கூம்புகள், வழுக்காமல் இருக்க. அதற்குக் கீழே கொழுப்பும் நார்களும் சேர்ந்த மெத்தை, அதிர்ச்சியைத் தாங்க. கூடவே நரம்புகள், இரத்தக் குழாய்கள், வியர்வைச் சுரப்பிகள். நாய்க்கு நம்மைப் போல வியர்ப்பது பாதத்தில் மட்டும்தான். அதுவும் உடம்பைக் குளிர்விக்கும் அளவுக்கு இல்லை. அந்த வேலையை நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும் மூச்சுதான் பெரும்பாலும் செய்கிறது.

அதாவது, இது செருப்பு இல்லை, தோல். வலிக்கிற, வெடிக்கிற, கொப்பளிக்கிற, உரிந்து வருகிற தோல்.

இந்தத் தோல் எதற்காகத் தயாரானது என்பதற்கு ஒரு நல்ல தடயம் உண்டு. நாய்கள் பனியில் நின்றும் அவற்றின் பாதம் ஏன் உறைவதில்லை என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2011-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பாதத்துக்குள் வரும் தமனியை ஒட்டியே சிரைகள் பின்னிக் கிடக்கின்றன. பாதத்திலிருந்து திரும்பும் குளிர்ந்த இரத்தத்தை உள்ளே வரும் சூடான இரத்தம் வழியிலேயே சூடாக்கி அனுப்புகிறது. வெப்பத்தை வீணாக்காமல் சுற்றுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. பொறியியல் படித்தவர்கள் இதை வெப்பப் பரிமாற்றி என்று இரண்டாம் ஆண்டிலேயே படித்திருப்பார்கள். குளிரைச் சமாளிக்க இப்படி ஒரு நுட்பமான ஏற்பாடு இருக்கிறது. கொதிக்கும் தாருக்கு அப்படி எதுவும் இல்லை. இருக்கவும் நியாயமில்லை. நாய் மனிதனோடு சேர்ந்து வாழ ஆரம்பித்துப் பதினைந்தாயிரம் ஆண்டாவது ஆகிறது. தார்ச்சாலை நேற்று வந்தது.

சரி, தார் எவ்வளவு சுடும்? வானிலை அறிக்கையில் வரும் வெப்பநிலை, தரையிலிருந்து ஏறத்தாழ நாலடி உயரத்தில், நிழலில், காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள் அளப்பது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதே, அது நிழலில் இருந்த காற்றின் சூடு. சாலையின் கணக்கு வேறு. புதிதாகப் போட்ட தார் தன்மீது விழும் வெயிலில் 90 சதவீதத்துக்கும் மேல் உறிஞ்சிக்கொள்ளும். வெயில் நேராக அடிக்கும் கோடைப் பகலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அதற்குக் கத்திரி வெயில்கூடத் தேவையில்லை, பங்குனி போதும்.

60 டிகிரி என்றால் என்ன? 1947-இல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் தோல் வேக எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் வேண்டும் என்று அளந்தார்கள். இன்றைக்கும் வெந்நீர்க் குழாய்க்கான பாதுகாப்பு விதிகளுக்குப் பின்னால் அந்த வேலைதான் நிற்கிறது. 44 டிகிரியில் தோல் வேக ஏறத்தாழ 6 மணி நேரம் ஆகும். அதற்கு மேல் 51 டிகிரி வரை, ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் அந்த நேரம் ஏறக்குறையப் பாதியாகிறது. 60 டிகிரியில் 5 விநாடி. இது மெல்லிய தோலுக்கான கணக்கு. நாயின் திண்டு தடிமனானது, நடக்கும்போது ஒவ்வொரு காலும் மாறி மாறி மேலே எழும்புகிறது. அதனால் நாய்க்கு இதைவிடக் கூடுதல் நேரம் கிடைக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் அதை 5 விநாடிக்கா வெளியே கூட்டிப் போகிறீர்கள்? அரை மணி நேரத்துக்கு.

கையின் புறத்தைச் சாலையில் 7 விநாடி வைத்துப் பாருங்கள், வைக்க முடியாவிட்டால் நாயை நடத்தாதீர்கள் என்று ஒரு விதி எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல விதி. ஆனால் நம் ஆட்கள் அதைத் தேர்வு எழுதுவது மாதிரி எழுதுகிறார்கள். கேட் பக்கத்தில், வேப்பமர நிழலில் கையை வைத்து, “ஓகே, சுடலை” என்று பாஸ் போட்டுக்கொண்டு வெயிலுக்குள் நடக்கிறார்கள். நடக்கப்போகிற இடத்தில், வெயில் படும் தாரில் வைக்க வேண்டும். வைக்க முடியாவிட்டால் போகாதே என்பதுதான் அந்த விதி சொல்வது. வைக்க முடிந்தால் அரை மணி நேரம் சுற்றலாம் என்று அது எங்கேயும் சொல்லவில்லை.

மாலை 5 மணி இன்னொரு பொறி. வெயில் தாழ்ந்துவிட்டது, கடல் காற்று வருகிறது, நமக்கு இதமாக இருக்கிறது. நம் முகம் தரையிலிருந்து ஐந்தடி மேலே இருக்கிறது. பகலெல்லாம் குடித்த சூட்டைச் சாலை அப்போதுதான் கக்கிக்கொண்டிருக்கும். நாயின் வயிறு அதிலிருந்து ஒன்றரை அடியில், பாதம் பூஜ்ஜியத்தில். கோடையில் தரை உண்மையிலேயே ஆறியிருப்பது விடிவதற்குச் சற்று முன்பும் விடிந்த உடனேயும்தான்.

இந்த இடத்தில் எப்போதும் ஒரு கை உயரும். “தெருநாயெல்லாம் நல்லாத்தானே இருக்கு? அதுக்கு யாரு ஷூ வாங்கிக் குடுத்தா?”

ஒரு மே மாத மதியம் ஒரு மணிக்குத் தெருவில் இறங்கிப் பாருங்கள். தெருநாய் எங்கே இருக்கிறது? நிறுத்தியிருக்கும் காருக்கு அடியில். சாக்கடையோர ஈரத்தில். பூட்டிய கடையின் படியில். மணலைப் பறித்து, அடி மண்ணின் குளிர்ச்சியில் வயிற்றை ஒட்டிக்கொண்டு. அது நடக்கவில்லை, நண்பர்களே. உங்கள் நாய்தான் நடந்துகொண்டிருக்கிறது. நண்பகலைப் பாலைத் திணையின் சிறுபொழுதாக வைத்து, அந்த நேரத்து வழிநடையைத் துயரமாகப் பாடிய மொழி நம்முடையது. தெருநாய்க்கு அந்த இலக்கணம் தெரிந்திருக்கிறது. எப்போது நடப்பது, எதன்மேல் நடப்பது என்று அதுவே முடிவு செய்கிறது. சாலையைக் கடக்க வேண்டுமென்றால் ஓடிக் கடந்து நிழலுக்குப் போய்விடும்.

என் வாதத்தின் மையம் இதுதான். நாயின் கழுத்தில் கயிறு மாட்டும் கணத்தில் இந்த முடிவை அதனிடமிருந்து நாம் பறித்துக்கொள்கிறோம். நேரம் நம்முடையது, பாதை நம்முடையது, வேகம் நம்முடையது. அது நின்றால் “வாடா, அடம் பிடிக்காதே” என்று இழுக்கிறோம். நாய் விசுவாசமான பிராணி என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்த விசுவாசம்தான் இங்கே அதற்கு எதிரி. கால் சுட்டாலும் கூடவே வரும். முடிவெடுக்கும் உரிமையை எடுத்துக்கொண்டவர் அதோடு வரும் கடமையையும் எடுத்துக்கொள்ள வேண்டும். ‘இயற்கையே கொடுத்திருக்கு’ என்று சொல்வதற்கான தகுதி கயிறு பிடித்தவருக்கு இல்லை. இயற்கை கொடுத்த முக்கியமான பாதுகாப்பே ஒதுங்கிப் போகும் சுதந்திரம்தான். அதைத்தான் நாம் முதலில் எடுத்துவிட்டோமே.

இப்போது இரண்டாவது கட்சிக்கு வருகிறேன், பாம் கட்சிக்கு.

மெழுகு தடவுவதில் தவறில்லை. வறண்ட திண்டின் ஈரப்பதம் போகாமல் அது கொஞ்சம் காக்கும். கரடுமுரடான தரையின் உராய்வை ஓரளவு குறைக்கும். ஆனால் 60 டிகிரித் தாருக்கு முன்னால் ஒரு மெல்லிய மெழுகுப் படலம் என்ன செய்யும்? உருகும். வெப்பத்தைத் தடுக்கத் தடிமனும் காற்றும் வேண்டும், பூச்சு போதாது. எங்கள் தொழிலில் இதற்குப் பேட்ச் என்று பெயர். அடிப்படைக் கோளாறை விட்டுவிட்டு மேலே ஒட்டுப்போடுவது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேண்டுமானால் செய்யலாம், அதையே வாழ்க்கை முறையாக வைத்துக்கொள்ள முடியாது.

தேங்காய் எண்ணெய்க்காரர்களுக்கும் இதே பதில்தான். தடவிய ஐந்து நிமிடத்தில் பாதி எண்ணெய் நாயின் வயிற்றில் இருக்கும், மீதி உங்கள் டைல்ஸில். வழுக்கும் தரையில் எண்ணெய்க் காலோடு ஓடும் கிழட்டு நாய்க்கு இடுப்பு போனால் எந்த எண்ணெயும் உதவாது. நாம் பூசும் பாடி லோஷனும் வேண்டாம். அது நக்குவதற்காகச் செய்ததில்லை, நாய் நக்காமல் விடப்போவதும் இல்லை. தவிர, திண்டு கன்னம் மாதிரி மழமழவென்று இருக்கக் கூடாது. கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால்தான் அதன் வேலை நடக்கும்.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. திண்டு ஏன் வறள்கிறது? பாதி வீடுகளில் பதில் வாளிக்குள் இருக்கிறது. தினமும் ஃபினாயில் போட்டுத் துடைத்த தரை காயும் முன்பே நாய் அதில் நடக்கிறது, பிறகு உட்கார்ந்து காலை நக்குகிறது. வெளியே போய் வந்தால் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கால் கழுவுகிறோம். நம் கையை அத்தனை முறை கழுவினால் என்னவாகும் என்று நமக்குத் தெரியும். ஈரத்துணியால் துடைத்து, விரலிடுக்கைக் காயவைத்தால் போதும். இடுக்கில் ஈரம் தங்கினால் பூஞ்சை வரும். தரை துடைத்தால் அது காயும்வரை நாயை வேறு அறையில் வையுங்கள். இவற்றுக்கு ஒரு பைசா செலவில்லை. செலவில்லாத யோசனையை யாரும் விளம்பரம் செய்வதில்லை, அவ்வளவுதான்.

சில சமயம் வறட்சி ஒரு செய்தி. நாய்களைத் தாக்கும் டிஸ்டம்பர் வைரஸ் நோய்க்கு ‘கடினப் பாத நோய்’ என்ற பொருளில் ஒரு பழைய ஆங்கிலப் பெயரே உண்டு. அந்த நோயில் மூக்கும் பாதத் திண்டும் தடித்துக் காய்ந்து கட்டை மாதிரி ஆகிவிடும். தடுப்பூசி போட்டால் தடுக்கக்கூடிய நோய், வந்துவிட்டால் பல நாய்களைக் கொல்லும் நோய். குட்டியின் திண்டு தடித்திருக்கிறது, கூடவே கண்ணில் பீளை, காய்ச்சல், இருமல் என்றால் பாம் டப்பாவைத் திறக்காதீர்கள். கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். சைபீரிய ஹஸ்கிகளில் துத்தநாகத்தைக் குடல் சரியாக உறிஞ்சாத ஒரு பரம்பரைக் கோளாறு உண்டு. கண்ணையும் வாயையும் சுற்றித் தோல் பொருக்குத் தட்டும், திண்டு வெடிக்கும். பனிப் பிரதேசத்து நாயைச் சென்னைக்குக் கொண்டுவந்து, ஏசி அறையில் வைத்து, அதன் வெடித்த காலுக்கு வெண்ணெய் தடவுகிறோம். உடலின் தன்னெதிர்ப்பு நோய்கள் சிலவும் திண்டில்தான் முதலில் தெரியும். நாலு காலிலும் ஒரே சமயத்தில் வறட்சி, வெடிப்பு என்றால் தரையை மட்டும் குற்றம் சொல்லாமல் உள்ளேயும் பார்க்க வேண்டும்.

ஷூ? ஷூவை நான் கேலி செய்யவில்லை. அலாஸ்காவில் நடக்கும் இடிடாராட் பனிச்சறுக்குப் போட்டியில், ஓட்டுநர் ஒவ்வொரு நாய்க்கும் 8 காலுறைகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஏறத்தாழ ஆயிரம் மைல் ஓடும் நாய்கள் அவை. பனி விரலிடுக்கில் கட்டியாகி அறுத்துவிடாமலிருக்க அந்தத் துணி உறை. அங்கே ஓட்டம் தவிர்க்க முடியாதது, அதனால் உறை. உங்கள் மதிய நடை தவிர்க்க முடியாததா? காயம்பட்ட காலுக்கு, அவசரமாக மருத்துவமனைக்குப் போக, கண்ணாடி சிதறிய தெருவைக் கடக்க ஷூ போடுங்கள். வீட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள், வந்ததும் கழற்றுங்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு வாக்கிங் போவதற்கான அனுமதிச் சீட்டாக அதை வைத்துக்கொள்ளாதீர்கள். பாதம் தப்பித்தாலும் உடம்பு தப்பிக்காது. அந்த வெயிலில் நாய்க்கு வெப்பத்தாக்கு வந்துவிடும்.

காயம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் அபத்தம் உச்சத்துக்குப் போவது அங்கேதான். சுட்ட காலுக்குப் பற்பசை, இங்க், மாவு. இது எதுவும் வேண்டாம். குளிர்ந்த குழாய்த் தண்ணீரை ஓடவிட்டுக் காட்ட வேண்டும். ஐஸ் வைக்கக் கூடாது. திண்டின் நிறம் மாறியிருந்தால், கொப்பளித்தால், மேல்தோல் தனியாகக் கழன்று வந்தால் அன்றைக்கே மருத்துவர். கண்ணாடி கிழித்தால் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து இரத்தத்தை நிறுத்த வேண்டும். ஆழமாகக் குத்தி நிற்கிற துண்டை வீட்டில் பிடுங்காதீர்கள். கட்டுப் போட்டால் விரலிடுக்கில் பஞ்சு வைத்து, இறுக்காமல் போடுங்கள். இறுக்கமான கட்டு, காயம் செய்யாததையும் செய்துவிடும்: விரலுக்கு இரத்தம் போகாது. ஒவ்வொரு அடியிலும் எடை விழுகிற இடம் என்பதால் திண்டுக் காயம் மெதுவாகத்தான் ஆறும். வாரத்துக்கு ஒருமுறை விரலிடுக்கை விரித்துப் பார்த்தால் நெருஞ்சி முள்ளும் உண்ணியும் சீழ் வைக்கும் முன்பே அகப்படும்.

இனி, சங்கங்கள். எங்கள் பக்கத்துப் பல அடுக்குமாடிகளில் ஒரு அறிவிப்புப் பலகை உண்டு: ‘செல்லப் பிராணிகள் புல்வெளியில் அனுமதி இல்லை.’ அப்படியென்றால் நாய் எங்கே நடக்கும்? கார் ஓடும் பாதையில். அது கான்கிரீட், அல்லது வெயிலில் தோசைக்கல்லாகும் சிமெண்ட் பிளாக். புல்லில் அசிங்கம் செய்தால் எடுக்கச் சொல்லுங்கள், எடுக்காதவருக்கு அபராதம் போடுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். மண்ணையே மறுப்பது எந்த நியாயம்? அதே சங்கம்தான் வாசல் நிழலில் படுத்திருக்கும் தெருநாயை மதியம் இரண்டு மணிக்குக் காவலாளியின் தடியால் விரட்டச் சொல்கிறது. காவலாளி விரட்டுகிறார். அது தாரில் ஓடுகிறது. ‘தெருநாய் எல்லாம் தாங்கும்’ என்று சொன்ன அதே ஆட்கள், அது தாங்காமல் ஒதுங்கிய இடத்திலிருந்துதான் துரத்துகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1960-ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டம், தன் பொறுப்பில் பிராணி வைத்திருப்பவர் அதற்குத் தேவையற்ற வலி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அதே சட்டத்தில், வதைத்தால் முதல் குற்றத்துக்கு அதிகபட்ச அபராதம் 50 ரூபாய். ஒரு டப்பா பாம் அதைவிடப் பல மடங்கு விலை. இந்தத் தொகையை வைத்துக்கொண்டு சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்க முடியாது.

கடைசியாக, நான் மதிக்கிற ஓர் ஆட்சேபம். “மனுஷங்களே வெறுங்காலோட அந்த ரோட்டுல நடக்கிறாங்க. கீரைக்காரம்மா நடக்குது. தார் போடுறவர் அதிலேயே நிக்கிறார். உனக்கு நாய்க் கால் பெருசாப் போச்சா?” கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் இதைக் கேட்பவர்களில் எத்தனை பேர் கீரைக்காரம்மாவுக்கு நிழல் கேட்டு மனு கொடுத்திருக்கிறார்கள்? நான் பார்த்தவரை, ஒரு உயிரின் வலியை வைத்து இன்னொரு உயிரின் வலியை வாயடைக்கவே இந்தக் கேள்வி பயன்படுகிறது. உண்மையில் இரண்டும் ஒரே சாலை, ஒரே வெயில். சாலையோர மரத்தை வெட்டும்போது இருவரின் காலும் சேர்ந்துதான் சுடுகிறது. மண் நடைபாதையைப் பெயர்த்து சிமெண்ட் போடும்போதும் அப்படித்தான். பகல் பன்னிரண்டுக்கு நாயை நடத்தாதே என்று நான் சொல்லும்போது, மாதச் சம்பளத்துக்கு அதை நடத்தும் அந்தப் பையனையும் சேர்த்துத்தான் வெயிலிலிருந்து உள்ளே கூப்பிடுகிறேன். முதலாளியின் காலை மீட்டிங்குக்காக அவன் மதியம் நடக்கிறான். அந்த மீட்டிங்குகளை நடத்தும் தொழிலில்தான் நானும் இருக்கிறேன், அதனால் தெரியும்: முக்கால்வாசி மீட்டிங்குகளை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தால் யாருக்கும் எதுவும் ஆகாது.

ஆகவே என் கோரிக்கைகள் சிறியவை. பங்குனி முதல் ஆடி வரை காலை ஏழுக்கு முன், இரவு எட்டுக்குப் பின் நடத்துங்கள். பகலில் அவசரத்துக்கு வெளியே போக வேண்டுமென்றால் மண்ணிலோ புல்லிலோ, நிழலில், ஐந்து நிமிடம். அதற்கு நேரமில்லாத வீடு நாய் வாங்க வேண்டாம். மீன் தொட்டி வைத்துக்கொள்ளலாம். சங்கங்கள் பத்தடிக்கு இருபதடி மண்ணாவது நாய்க்கு ஒதுக்கட்டும். மதியம் பதினொன்றிலிருந்து நாலு வரை நிழலில் படுத்திருக்கும் எந்த நாயையும் எழுப்ப வேண்டாம் என்று காவலாளிக்கு ஒரு வரி எழுத்தில் கொடுக்கட்டும்.

இதற்குப் பிறகும் ‘கடவுளே செருப்பு தச்சுக் குடுத்திருக்கார்’ என்று சொல்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அந்தக் கடவுள் உங்களுக்கும் உள்ளங்கால் கொடுத்திருக்கிறார், நாயின் அளவுக்கு இல்லாவிட்டாலும் தடித்த தோல்தான். மே மாதம், மதியம் ஒரு மணி, கேட்டிலிருந்து தெருமுனை டீக்கடை வரை. செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள். டீ நான் வாங்கித் தருகிறேன், அங்கே நின்று மிச்சத்தைப் பேசுவோம்.